நிழலின் கையில் கத்தி

பதினான்காம் பக்கத்தில் என் தப்பு அகப்பட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். வாயில் இருந்த ரொட்டியை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. புது இதழ் அச்சாகி வந்தால் ஆளுக்கொரு பிரதி கொடுப்பார்கள். மற்றவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து, தப்பு ஏதாவது விட்டிருக்கிறேனா என்று பின்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். ஐந்து வருடமாக அப்படித்தான். ஐந்து வருடமாக ஒன்றும் அகப்பட்டதில்லை.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது, என் பிழைப்பே அதுதான். அமெரிக்க வீரசாகசப் படக்கதைகளை வாங்கி, பேச்சைப் பிரெஞ்சில் மாற்றி, லியோனிலிருந்து மாதப் பத்திரிகையாகப் போடும் கம்பெனி எங்களுடையது. அச்சுக்குப் போகும் முன் பக்கங்கள் என் மேசைக்கும் ஃபெர்னாந்தின் மேசைக்கும் வரும். எங்கள் வேலை வரைவது இல்லை, அழிப்பது. டமார், படார் என்று பெரிய எழுத்தில் அலறுவதை அழிக்க வேண்டும். குத்தும் முஷ்டிக்குப் பின்னால் பறக்கும் கோடுகள், துப்பாக்கி, அரக்கனின் கோரைப்பல், எல்லாம் போக வேண்டும். எங்கள் நாயகர்கள் சத்தம் போடாமல், ஒருவர் மேல் ஒருவர் படாமல் சண்டை போடுவார்கள். முதலாளி வொசெல் என்னை வேலைக்கு எடுத்த அன்று ஒரு அரக்கன் படத்தைத்தான் முதலில் நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "நாளைக்கே வந்துடுங்க மதாம்" என்றார்.

பிள்ளைகள் படிப்பதை மேற்பார்வை பார்க்க பாரிஸில் ஒரு குழு இருக்கிறது. ஒவ்வொரு இதழிலும் ஐந்து பிரதி அவர்களுக்கு அனுப்பியாக வேண்டும், சட்டம். பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது என்று அவர்களுக்குப் பட்டால் முதலில் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்கும் மேலே போனால் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று தடை. சிறுவர்களுக்கு விற்க முடியாத சிறுவர் பத்திரிகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்களுடைய இன்னொரு பத்திரிகை அப்படித்தான் எழுபத்தொன்றில் செத்துப்போனது. அதில் எங்களைப் போலவே அழிக்கும் வேலை பார்த்த போலெத் ஒரு பொட்டு ரத்தத்தை அழிக்காமல் விட்டிருந்தாள். தானே போய் முதலாளியிடம் உண்மையைச் சொன்னாள். சனிக்கிழமை அவளுடைய நாற்காலி காலி. இந்தப் பத்திரிகைக்கு எச்சரிக்கைக் கடிதம் போன செப்டம்பரிலேயே வந்தாயிற்று.

பதினான்காம் பக்கத்தில் ஒரு வில்லன் மஞ்சள் சுவரோரம் பதுங்கி வருகிறான். அவன் கையிலிருந்த கத்தியை நான் சுத்தமாக அழித்திருந்தேன், அழித்த சுவடே தெரியாது. சுவரில் விழுந்த அவன் நிழலை மட்டும் மறந்துவிட்டேன். கை காலியாக இருக்கிறது, நிழல் கத்தியை ஓங்கிக்கொண்டு நிற்கிறது. கத்தி கையில் இருந்திருந்தால் அவன் ஏதோ ஒரு போக்கிரி, அவ்வளவுதான். இது என்ன ஜென்மம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அமெரிக்காக்காரன் வரையாத பயங்கரத்தை நான் உண்டாக்கி வைத்திருந்தேன்.

ஃபெர்னாந்த் எட்டிப் பார்த்தாள். அவள் சிகரெட் அப்படியே உதட்டில் நின்றது.

"அடிப்பாவி! இவன்கிட்டேர்ந்து பிடுங்கி நிழல் கையில குடுத்துட்டியேடி!"

"கிண்டல் பண்ணாதடி. வேலை போயிடும்."

"முதலாளிகிட்ட சொல்லப் போறியா?"

"போலெத் சொன்னாளே, பார்த்தல்ல?"

கடைகளுக்குப் போகும் லாரிகள் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டன. ஆனால் பாரிஸுக்குப் போக வேண்டிய ஐந்து பிரதிகள் கதவோரம் இன்னும் கட்டப்படாமல் இருந்தன. நான்கு மணிக்கு முதலாளி தன் கையாலேயே தபாலில் சேர்ப்பார். அப்போது மணி இரண்டு. ஃபெர்னாந்த் அந்த ஐந்தையும் அள்ளிக்கொண்டு வந்து என் மேசையில் போட்டாள்.

"ஊர்ல உள்ளவனெல்லாம் பார்த்துட்டுப் போகட்டும். அந்தப் பாரிஸ்காரங்க பார்க்கக் கூடாது. மேலே மஞ்சளைப் பூசுடி."

மஞ்சளில் துளி காவியைக் கலந்தேன். மட்டக் காகிதம் சாயத்தை அப்படியே குடித்தது. முதல் பூச்சில் கத்தி சாம்பலாக எட்டிப் பார்த்தது, இரண்டாவதில்தான் சுவருக்குள் போனது. முடித்ததை ஹீட்டர் மேல் விரித்துக் காயவைத்தேன், காய்ந்ததை ஃபெர்னாந்த் எடுத்து அடுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாற்பதாயிரம் பிள்ளைகள் அந்த நிழலைப் பார்க்கப் போகிறார்கள் என்பது நடுவில் ஒரு தடவை நினைவுக்கு வந்தது. அவர்களை நினைத்து எனக்குப் பயம் வரவில்லை. என் பயமெல்லாம் பாரிஸ் கிழவர்கள் மேல்தான். அந்த நினைப்பு எனக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் தூரிகையை வைக்கவில்லை.

ஐந்தாவதில் இரண்டாம் பூச்சு முடியவும் மாடிப்படியில் முதலாளியின் செருமல் கேட்கவும் சரியாக இருந்தது. ஈரத்தோடு அப்படியே மூடினேன். ஃபெர்னாந்த் மேசையில் கிடந்த எல்லாவற்றையும் ஒரே வாரலில் அடுக்கினாள்.

வொசெல் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார். சாய வாசனை எங்கள் அறையில் எப்போதும் உண்டுதான்.

"பாரிஸ் பிரதிங்க இங்க ஏன் வந்துது?"

"கட்டிடலாம்னு எடுத்தேங்க ஐயா" என்றாள் ஃபெர்னாந்த்.

அவர் விரலால் எண்ணினார். "ஆறு இருக்கே."

"ஒண்ணு இவளோடது."

நான் சட்டென்று மேலே இருந்ததை எடுத்து என் பைக்குள் திணித்துக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"என்ன மதாம் உகெத், முகமெல்லாம் வேர்த்திருக்கு? பயமா?"

"ஆமாங்க ஐயா."

"நல்லது. நீங்க பயப்படற வரைக்கும் எனக்குத் தூக்கம் வரும்."

ஃபெர்னாந்த் ஐந்தையும் காகிதத்தில் சுற்றி, கயிறு கட்டி, முடிச்சைப் பல்லால் இறுக்கிக் கொடுத்தாள். அவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். நாங்கள் ஜன்னலருகே நின்று, சோன் நதி மூடுபனிக்குள் அவருடைய தொப்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். "பொழைச்சடி போ" என்று ஃபெர்னாந்த் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஐந்தரைக்கு மேசையைத் துடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

க்ருவா ரூஸ் மேட்டுக்குப் போகும் டிராலி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. செய்த தப்பை இன்னொரு முறை பார்க்காமல் இருக்க முடியவில்லை. பையிலிருந்து என் பிரதியை எடுத்தேன். பதினான்காம் பக்கம் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

என் பிரதி ஏன் ஒட்ட வேண்டும்? அதில் நான் தீட்டவே இல்லையே. ஈரத்தோடு நான் மூடியது அந்த ஐந்தாவது பிரதியைத்தானே. அதைத்தானே அடுக்கின் மேலேயிருந்து எடுத்தேன்? அப்படியானால் பாரிஸுக்குப் போன கட்டில் என் பிரதி...

நகத்தை நுழைத்து மெதுவாகப் பிரித்தேன். கிர்ரென்று காகிதம் விட்டுக்கொடுத்தது. வில்லனின் கை காலியாக இருந்தது. நிழலின் கையும் பாதி காலியாக இருந்தது. பூசிய மஞ்சள் எதிர்ப்பக்கத்தில் பெயர்ந்து ஒட்டியிருந்தது, பிடியும் நுனியுமாக, ஒரு விரல் நீளத்துக்குக் கத்தி வடிவத்திலேயே. அது நாயகனின் நெஞ்சில் நேராக இறங்கியிருந்தது. அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.