முந்திக்கொண்டு வரி கட்டியவனின் படகு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில், கொதிகலன் அறையை ஒட்டிய மேசையில் பிறந்தது. தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றபின், வருடாவருடம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே உட்கார்ந்து ஊராருக்கு இலவசமாக வருமானவரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். இதுவரை நாற்பதாயிரம் படிவம் நிரப்பியிருப்பேன். (எங்கள் ஊர் ஜனத்தொகை இரண்டாயிரத்து நூறு. சிலருக்குப் பலமுறை நிரப்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்த மேசையில் உட்காருமுன் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். யாருடைய வரி விவரத்தையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று அதில் இருக்கும். நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் கதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன், என்னுடையதையும் சேர்த்து; இங்கே நான் வெர்லா. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வடக்கே என்பதோடு சரி. இதில் வரும் படகும் உண்மையில் படகே இல்லை.

(படகுதான்.)

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன். கிழித்துப் போட மனம் வரவில்லை, இங்கேயே கிடக்கட்டும்.

"2021 மார்ச் பதினோராம் தேதி, வாஷிங்டனில், ஒரு பேனா மெல்ல..." பேனா மெல்ல என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே போகவில்லை.

"வேலை இழந்த அந்த மனிதனின் கண்களில் உறைந்த ஏரியின்..." இதை, அந்த வேலை இழந்த டெல்மர் படித்தால் என் வீட்டு அஞ்சல் பெட்டியை வண்டியால் இடித்துத் தள்ளிவிடுவான்.

"வேலை போனவனுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகைக்கும் வருமானவரி உண்டு." இது நல்ல வாக்கியம், உண்மையான வாக்கியம். இதற்குப் பிறகு யாரும் அடுத்த வரிக்குப் போக மாட்டார்கள் என்று அடித்துவிடப் பார்த்தேன். நீங்கள் வந்துவிட்டீர்கள், சந்தோஷம்.

ஆமாம், வரி உண்டு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதே கேட்பார்கள்: வாராவாரம் பத்து சதவீதத்தை வரிக்காகப் பிடித்துக்கொள்ளட்டுமா? வேலை போன வாரத்தில் வந்து இப்படிக் கேட்டால் மனிதன் என்ன சொல்வான்? ஊரே வேண்டாம் என்றது. டெல்மரும் வேண்டாம் என்றான், ஆனால் அவனுடைய காரணம் வேறு. 1975-ல் அவன் அப்பாவுக்கு வேலை போனபோது வந்த உதவித்தொகைக்கு வரி கிடையாது. அப்போது சட்டம் அப்படி இருந்தது. "இந்தக் காசுக்கு எவனும் கை நீட்ட முடியாதுடா" என்று அப்பா சொன்னதை மகன் நாற்பத்தைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்தான். சட்டம் நடுவில் மாறிவிட்டது. அப்பாவுக்கு அதற்குள் வேறு வேலை கிடைத்துவிட்டதால் அவர் கவனிக்கவில்லை.

3

டெல்மருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஜன்னல் சட்டம் செய்யும் ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தான். கொரோனா தொற்று வந்த மார்ச்சில் ஆலையை மூடினார்கள். திறந்தபோது பாதிப் பேரைத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள், இவன் மற்றப் பாதி. எதிலும் முதல் ஆளாக நிற்பவன். கிறிஸ்துமஸ் விளக்குகளை டிசம்பர் இருபத்தாறு காலை ஆறு மணிக்குக் கழற்றி, சுருட்டி, பெட்டியில் தேதி எழுதி வைத்துவிடுவான்.

அடுத்த வருடம் வரித்துறை படிவம் வாங்கத் தொடங்கியது பிப்ரவரி பன்னிரண்டில். அன்று நான் விளக்கைப் போடுவதற்கு முன்பே நூலக வாசலில் நின்றிருந்தான். வெளியே மைனஸ் நாற்பது குளிர். (மைனஸ் இருபத்தைந்து. நாற்பது என்றால் கதைக்குக் கொஞ்சம் சூடு பிடிக்கிறது.) பிளாஸ்டிக் தடுப்புக்கு அந்தப் பக்கம் முகக்கவசத்தோடு உட்கார்ந்தான்.

"தொழில்னு ஒரு கட்டம் இருக்கே வெர்லாக்கா, அதுல என்ன போடப் போறீங்க?"

"நீ சொல்றதைத்தான் போடுவேன்."

"ஜன்னல் செய்யறவன்னு போடுங்க."

"இப்ப நீ..."

"இப்ப கொஞ்ச நாளா எனக்கும் ஜன்னலுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அவ்வளவுதான். போடுங்க."

போட்டேன். கடைசிக் கட்டத்தில் தொகை வந்து நின்றது. கட்ட வேண்டியது ஆயிரத்து முந்நூற்று நாற்பது டாலர். டெல்மர் திரையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், ஏதோ நான்தான் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட மாதிரி.

"இதை உதவின்னு சொல்லித்தானே கொடுத்தாங்க?"

"ஆமா."

"உதவி பண்ணிட்டு அதுல பங்கு கேக்கறாங்களா?"

"அதை வருமானம்னு எடுத்துக்கறாங்கப்பா."

"வருமானம் இல்லன்னுதானே கொடுத்தாங்க."

கையேட்டைப் புரட்டினேன். எனக்குக் கொடுத்திருக்கும் இருநூறு பக்கத்திலும் இதற்குப் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

பணம் கட்ட ஏப்ரல் பதினைந்து வரை அவகாசம் இருக்கிறது, மெதுவாகக் கட்டலாம் என்று சொன்னேன். (பிறகு இந்த வாக்கியத்துக்குத் திரும்பி வருகிறேன். இது முழுப் பொய் இல்லை.)

"பாக்கி வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வராது" என்று எழுந்து போனான். மறுநாள் அவன் வீட்டு வாசலில் படகுக்கு மேல் "விற்பனைக்கு" என்ற பலகை தொங்கியது.

4

அடுத்து ரோலி. இவனை நீங்கள் நம்பப் போவதில்லை, எழுதுகிற எனக்கே நம்பிக்கை வரவில்லை. இவனுக்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் பொறுப்பான ஒருவனை வைத்து இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். கதை இரண்டாம் பக்கத்தில் கொட்டாவி விட்டது. ரோலியையே திரும்பக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் தாமதமாக வந்தான்.

டெல்மரின் மனைவி ஜோலினின் தம்பி இவன். தனி ஆள். அதே ஆலை, வேலை போனதும் அதே நாளில்தான். எதிலும் கடைசி. இவன் வீட்டுக் கிறிஸ்துமஸ் விளக்குகளில் ஜூலையில் குருவி கூடு கட்டும். குருவியின் பேரக்குஞ்சும் அங்கேயேதான் குடித்தனம் நடத்துகிறது.

டெல்மர் தன் படிவம் முடிந்த கையோடு நேராக இவன் வீட்டுக்குப் போய் உலுக்கியிருக்கிறான். "டேய், உனக்கும் வரி வரும்டா. உதவித்தொகையில மிச்சம் இருக்கறதை இப்பவே எடுத்து ஒதுக்கி வை." வாழ்க்கையில் முதல்முறையாக ரோலி சொன்ன பேச்சைக் கேட்டான். காப்பி டப்பாவில் ஆயிரத்து முந்நூறு டாலர் போட்டு மூடினான். மறுநாள் படகுக்குப் பலகை மாட்டிய அரை மணி நேரத்தில் டப்பாவோடு வந்து நின்றான். இது எனக்கு ஜோலின் சொன்னது.

"படகு எவ்வளவு மச்சான்?"

"உனக்கு எதுக்குடா?"

"வாங்கத்தான்."

"ஏதுடா உனக்குக் காசு?"

"நீங்க ஒதுக்கி வைக்கச் சொன்னீங்களே, அது."

"அது வரி கட்டறதுக்குடா."

"வரிக்குத்தானே போகுது? என் வரிக்குப் பதிலா உங்க வரிக்கு."

டெல்மர் பலகையைக் கழற்றிக் கீழே வைத்தானாம். பிறகு டப்பாவை வாங்கிக்கொண்டான்.

பதினான்கு அடி அலுமினியப் படகு. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. (கப்பல் என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்.) ஆனால் இருபத்திரண்டு வருடமாக மே மாதம் முதல் சனிக்கிழமை, மீன்பிடிப் பருவம் திறக்கிற நாளில், இருவரும் அதில்தான் ஏரிக்குப் போனார்கள். பின் இருக்கையில் மோட்டாரின் பிடியோடு டெல்மர். முன் இருக்கையில் நங்கூரத்தோடு ரோலி. ஆலையில் மேலாளர் காட்டிய இடத்தில் நின்று, வீட்டில் ஜோலின் காட்டிய இடத்தில் உட்கார்ந்து பழகிய டெல்மர், அந்தப் பின் இருக்கையில் மட்டும் எந்தப் பக்கம் போவது என்று தானே முடிவு செய்வான். வேலை போன வருடத்திலும் அவனை விட்டுப் போகாத வேலை அது ஒன்றுதான். அதைத்தான் வரிக்காக விற்றான்.

5

இப்போது அந்தப் பேனா வரலாம்.

மார்ச் பதினொன்றில் ஜனாதிபதி கையெழுத்துப் போட, புதுச் சட்டம் வந்தது. முந்தின வருடம் வாங்கிய உதவித்தொகையில் முதல் பத்தாயிரத்து இருநூறு டாலருக்கு மத்திய வரி இல்லை. குடும்ப வருமானம் ஒன்றரை லட்சம் டாலருக்குள் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அதைத் தாண்டுகிறவர் பல் மருத்துவர் மட்டும்தான். (மாநில வரி வேறு கதை. அதை எழுத எனக்கு இன்னொரு ஆயுள் வேண்டும்.)

இன்னும் படிவம் அனுப்பாத சோம்பேறிகள் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டே அனுப்பலாம். முன்னாலேயே அனுப்பிப் பணமும் கட்டிய உத்தமர்கள் என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள், திருத்தப் படிவம் அனுப்பி எங்களைக் குழப்பாதீர்கள், நாங்களே கணக்கைத் திருத்தித் திருப்பி அனுப்புகிறோம் என்றது வரித்துறை. எப்போது? மே மாதம் தொடங்கிக் கோடை முழுக்க. தனி ஆட்களுக்கு முதலில், தம்பதிகளுக்கு அப்புறம். டெல்மருக்கு ஆயிரத்து இருநூற்று இருபத்து நாலு டாலர் திரும்பி வர வேண்டும். பருவம் திறப்பது மே ஒன்று. மீன்கள் வரித்துறையைக் கேட்டு நாள் குறிப்பதில்லை.

கடைசித் தேதியையும் மே பதினேழுக்குத் தள்ளிவிட்டார்கள். அது ரோலிக்குத் தெரியாது. அதனால் பழைய கடைசித் தேதியான ஏப்ரல் பதினைந்தின் கடைசி மணி நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வந்து, தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மாதம் முன்னதாகப் படிவம் கொடுத்தான். தொழில் என்ற கட்டத்தில் "படகுச் சொந்தக்காரர்" என்று போடச் சொன்னான். புதுச் சட்டப்படி வரி அறுபது டாலர்தான் வந்தது.

ஏப்ரல் முப்பது, வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றால் வறுத்த மீன். தொற்றுக் காலத்தில் அதை மதுக்கடை வாசலில் வண்டியில் உட்கார்ந்தே தின்றோம். டெல்மர், ஜோலின், ரோலி மூவரும் ஒரு வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வண்டியில் நான். ஒட்டுக் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

"படகைக் கொடுத்துடுடா," என்றாள் ஜோலின். "அவருக்குப் பணம் வந்ததும் உன் காசை வாங்கிக்கோ."

"கேட்டா கொடுத்துடப் போறேன்க்கா. ஒரு வார்த்தை கேக்கட்டும்."

"நான் எதுக்குக் கேக்கணும்?" என்றான் டெல்மர். "வித்தாச்சு. அவன் படகு."

"பாத்தியாக்கா?"

"மீனைத் தின்னு. ஆறுது."

"நாளைக்கு வர்றீங்கல்ல மச்சான்?"

"கூப்பிட்டா வர்றேன்."

"எந்த வருஷம் உங்களைக் கூப்பிட்டிருக்கேன்? நீங்களா வந்து என்னை எழுப்புவீங்க."

"அப்ப அது என் படகு."

ஜோலின் எலுமிச்சைத் துண்டைப் பிழிந்து முடித்து இருவரையும் பார்த்தாள். "ரெண்டு பேரையும் ஏரியில தள்ளிட்டு நான் படகோட வீட்டுக்குப் போயிடறேன். யாருக்கும் வரி வராது."

6

மூன்றாம் பகுதியில் ஒரு வாக்கியத்துக்குத் திரும்பி வருவதாகச் சொன்னேன். மெதுவாகக் கட்டலாம் என்று டெல்மரிடம் சொன்னது உண்மை. ஆனால் படிவத்தை அனுப்பிய பிறகு சொன்னேன். அதற்கு முன்னால் சொன்னது இது: "இன்னிக்கே அனுப்பிடலாம் டெல்மர், முந்திக்கிட்டா நல்லது." பொத்தானை அழுத்தியது என் விரல். பக்கத்து ஊர் நூலகத்தில் இதே வேலை பார்க்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரை விட முன்னதாக, மாவட்டத்தின் முதல் படிவம் என் மேசையிலிருந்து போக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. போனது. வாத்தியாருக்குத் தொலைபேசியில் சொல்லியும் காட்டினேன்.

அதனால் இந்தக் கதைக்கு ஒரு நல்ல முடிவு கொடுத்தே ஆக வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. முயற்சி செய்யாமல் இல்லை.

ரோலி படகுக்கு ரிப்பன் கட்டி மச்சான் வாசலில் விட்டுவிட்டு... ரிப்பன் வாங்கக் கடைக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

ஏப்ரல் முப்பது மாலைத் தபாலில் வரித்துறையின் காசோலை... தபால் துறையில் முப்பத்தோரு வருடம் இருந்தவள் நான். என்னையே இதை நம்ப வைக்க முடியவில்லை.

நானே படகை வாங்கி டெல்மருக்கு... இதை நிஜமாகவே போய்க் கேட்டேன். ரோலி என்னை மேலும் கீழும் பார்த்தான். "வெர்லாக்கா, உங்களுக்கு நீச்சலே தெரியாதே." பேச்சு அங்கே முடிந்தது.

நடு ஏரியில் படகு கவிழ்ந்து இருவரும்... வேண்டாம். ஜோலின் என்னைக் கொன்றுவிடுவாள்.

7

மே ஒன்று, விடியற்காலை. படகு இறக்கும் துறையில் எண்பது வண்டிகள் வரிசையில் நின்றன. (பதினொன்று.) ரோலிக்குப் படகு ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் செலுத்தத் தெரியாது, இத்தனை வருடம் அதைச் செய்தது டெல்மர். ஒருமுறை புதருக்குள் போனான், ஒருமுறை குப்பைத் தொட்டியை இடித்தான். நான்காவது தடவையில் எப்படியோ படகு தண்ணீரைத் தொட்டது.

டெல்மர் நடந்து வந்தான். கையில் தூண்டில் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை, வந்துவிட்டான். வந்தவன் கரையில் நின்றுவிட்டான். ரோலி முழங்கால் தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

"ஏறுங்க மச்சான்."

"எங்கடா?"

"படகுலதான்."

"படகுலன்னா, எங்க?"

ரோலி கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். முன் இருக்கை காலி, பின் இருக்கையும் காலி. டெல்மர் கேட்கவும் மாட்டான், தானாகப் போய்ப் பின்னால் உட்காரவும் மாட்டான். ரோலி கொடுத்துவிடுவான், ஆனால் கேட்காமல் கொடுத்தால் அது பிச்சை போட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயப்படுகிறான். இந்த ஒரு யோசனை ரோலிக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவனாகவே யோசித்தது.

இவ்வளவு நேரம் உங்களை எதற்கு இங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று கேட்கிறீர்கள். அவர்களுக்கு அடுத்து நிற்பது உங்கள் வண்டி. அவர்கள் நகர்ந்தால்தான் உங்கள் படகு இறங்கும். உங்களுக்குப் பின்னால் ஒன்பது பேர் ஹாரனில் கை வைத்திருக்கிறார்கள், சூரியனும் வந்துவிட்டது. என் பேச்சை ஒருமுறை கேட்டுத்தான் டெல்மர் இந்தக் கரையில் நிற்கிறான், நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்கள் மேல் அவர்கள் இருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லை.

அதோ, இருவருமே திரும்பி உங்களைப் பார்க்கிறார்கள். ஜன்னலை இறக்குங்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லுங்கள்.