திருப்பிச் சொல்லு தம்பி

அந்தக் கட்டட வேலையில் இன்ஜினியர் முதல் மண் அள்ளுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் அண்ணிதான். அதற்குக் காரணம் அவளுடைய கொழுந்தன். அவள் வானத்துக்கும் பூமிக்கும் நடுவே கிரேனின் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து அதை இயக்குகிறவள். அவன் கீழே நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்கிறவன். "அண்ணி, எறக்குங்க", "அண்ணி, நிறுத்துங்க" என்று அவன் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவது சைட்டில் இருக்கும் அத்தனை வாக்கி டாக்கியிலும் கேட்கும். கேட்டுக் கேட்டு, அவளுடைய அப்பா வயதில் இருக்கும் ஃபோர்மேனுக்குக்கூட அவள் அண்ணியாகிவிட்டாள்.

அங்கே ஒரு விதி உண்டு. ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் வேலையைச் செய்ய வேண்டும். அவன் "எறக்குங்க" என்றால் இவள் "எறக்குறேன்" என்ற பிறகுதான் கை அசையும். தலைக்கு மேல் டன் கணக்கில் தொங்கும்போது அரைகுறையாகக் காதில் வாங்குகிற பேச்சே கிடையாது.

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். "கதவு மாதிரி ரெண்டு இதழ் இருக்கும்மா. மூடுறப்ப ஒண்ணு கொஞ்சம் பின்னாடி பிதுங்குது. நெறையப் பேருக்கு இருக்கறதுதான், பாதிப் பேருக்கு இருக்குன்னே தெரியாது. பயப்படாதீங்க. ஆனா தண்ணி நல்லாக் குடிக்கணும், காபியக் குறைக்கணும், ஒழுங்காத் தூங்கணும். தலை சுத்தினா உடனே படுத்துடணும். மயக்கம் வந்தா நேரா இங்க வந்துடணும்."

எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். சைட்டில் மூச்சு விடவில்லை. "உங்க தம்பிகிட்ட வாயத் தொறந்தீங்க, அப்புறம் நடக்கறதே வேற" என்று வீட்டுக்காரரின் வாயையும் அடைத்துவிட்டாள். நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தால் கேபினிலிருந்து இறக்கிவிடுவார்கள். பொம்பளைக்கு எதற்கு கிரேன் என்று கேட்டவர்களின் வாயையெல்லாம் அடைத்துப் பிடித்த நாற்காலி அது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

படபடப்பு அவ்வப்போது வரும், போகும். தூக்கத்தையும் ஒருவழியாகச் சமாளித்தாள். தண்ணீர்தான் முடியவில்லை. கேபினில் கழிப்பறை கிடையாது. மற்ற கிரேன்களில் ஆண்கள் ஒரு காலி பாட்டிலை வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். இவள் ஏணியில் இறங்கி ஏறும்வரை சைட்டே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், "தம்பி, கொஞ்சம் எறங்கிட்டு வரேன்" என்றாள். உடனே எவனோ ஒருவன் எல்லாருக்கும் கேட்கும்படி, "கொடையப் பிடிங்கப்பா, மேல மழ வரப் போவுது!" என்றான். சைட்டே சிரித்தது. நாக்கில் நரம்பில்லாத அந்தப் பயல் யாரென்று தெரியவில்லை. ஆனால் அந்த மூக்கடைத்த குரல் அவள் காதை விட்டுப் போகவில்லை. அன்றோடு வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டாள். நா வறண்டால் ஃபிளாஸ்கிலிருந்து இரண்டு மடக்குக் காபி. அது கணக்கிலேயே வராது என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கேபின் ஏசி படுத்துவிட்டிருந்தது. கொக்கியில் ஒரு முழு கான்கிரீட் சுவர் தொங்கியது. கீழே தரையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்கு நேராக அதை உட்கார வைக்க ஆட்கள் கையால் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு கொழுந்தனின் மஞ்சள் ஹெல்மெட்டும் தெரிந்தது.

"அண்ணி, கொஞ்சமா எறக்குங்க."

"கொஞ்சமா எறக்குறேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சு ஒருமுறை துள்ளி நின்றது. பிறகு தறிகெட்டு ஓட ஆரம்பித்தது.

வழக்கமாக வருவதுதானே, போய்விடும் என்று மூச்சை இழுத்து விட்டாள். போகவில்லை. விரல்கள் மரத்தன. கண்ணின் ஓரங்களிலிருந்து இருட்டு உள்ளே வந்தது. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தால் கிரேன் தானாக நின்றுவிடும், அது உண்மைதான். ஆனால் மயங்கி அந்தக் கைப்பிடி மேலேயே சாய்ந்துவிட்டால்?

"தம்பி, நிறுத்து."

"நிறுத்தியாச்சு. என்னாச்சு அண்ணி? காத்தா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் தப்பிவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் காற்று என்றால் கீழே இருப்பவர்கள் சுவரை விட மாட்டார்கள், இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். அந்த மஞ்சள் ஹெல்மெட் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"காத்து இல்ல. எனக்கு நெஞ்சு படபடக்குது. கண்ணு இருட்டுது. எல்லாரும் செவத்த விட்டு வெலகுங்க."

அவன் அண்ணாந்து பார்த்தபடி சிலையாக நின்றான்.

"திருப்பிச் சொல்லு தம்பி!"

"அண்ணிக்கு..." குரல் உடைந்தது. "அண்ணிக்கு நெஞ்சு படபடக்குது. கண்ணு இருட்டுது. வெலகுங்கடா! எல்லாரும் வெலகுங்க!"

ஹெல்மெட்டுகள் நாலாபக்கமும் சிதறின. மஞ்சள் ஹெல்மெட் விலகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு கிரேனை மொத்தமாக நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். சுமை தொங்கும்போது இருக்கையை விட்டு எழக் கூடாது என்பதும் விதிதான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் படுத்து, கால்களை நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். நெஞ்சு காதுக்குள் அடித்தது. செத்துப்போய்விடுவோமோ என்று பயந்தாள்.

ஏணி அதிர்ந்தது. கொழுந்தன் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றான். இடுப்பில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் வாயில் வைத்தான். மெல்ல மெல்லக் குடித்தாள். வெகுநேரம் கழித்து அந்த ஓட்டம் அடங்கியது.

"எத்தன நாளா இது?"

"ரெண்டு வருஷமா."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொல்ல வேணாம்னேன்."

அவன் கீழே அந்தரத்தில் தொங்கும் சுவரைப் பார்த்தான். "அடியில நிக்கிறது நான்தான அண்ணி?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் கேபினைச் சுற்றிப் பார்த்தான். ஃபிளாஸ்க் மட்டும்தான் இருந்தது. "தண்ணி எங்க?" என்றான். எதற்காகத் தண்ணீர் வைப்பதில்லை என்று அவள் சொன்னாள். அன்றைக்குச் சிரித்தவர்களில் அவனும் ஒருவன். தலையைக் குனிந்துகொண்டான்.

சுவரை வேறொரு ஆபரேட்டர் வந்து இறக்கினார். ஒரு நாள் முழுக்க துடிப்பைப் பதிவு செய்யும் ஒயர்களை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு அலைந்த பிறகு, வால்வு பழையபடிதான் இருக்கிறது என்றார் டாக்டர். துடிப்பில் ஆபத்தாக எதுவும் இல்லை, உடம்பு வற்றிப்போனதும் காபியும் சேர்ந்து ஆட்டிவைத்திருக்கின்றன என்று சொல்லி ஒரு சின்ன மாத்திரை எழுதினார். காபி குடித்ததற்கும் தண்ணீர் குடிக்காததற்கும் சேர்த்து நன்றாகத் திட்டியும் அனுப்பினார். சில வாரங்கள் வீட்டில் உட்கார்ந்தாள். கம்பெனி டாக்டரும் சரி என்ற பிறகுதான் நாற்காலி திரும்பக் கிடைத்தது.

முதல் நாள் பெரிய தண்ணீர் பாட்டிலோடு ஏறினாள். டாக்டர் சொன்னபடி குடித்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. இந்தத் தடவை வால்வைக் குறை சொல்ல முடியாது. வாக்கி டாக்கியின் அந்தப் பக்கம் அத்தனை காதுகளும் கேட்டுக்கொண்டிருந்தன. பொத்தானை அழுத்தினாள்.

"தம்பி, நான் ஒண்ணுக்குப் போகணும். எறங்குறேன்."

சுவர் இறக்கச் சொல்லும் அதே குரலில் கொழுந்தன் கத்தினான்: "அண்ணி ஒண்ணுக்குப் போகணும். எறங்குறாங்க. வேலைய நிறுத்துங்க."

"வேலைய நிறுத்தியாச்சு" என்றார் ஃபோர்மேன்.

அவள் கேபின் கதவைத் திறக்கும்போது இன்னொரு குரல் கரகரத்தது. மூக்கடைத்த குரல். கேட்டதுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஏணியில் வைத்த கால் அப்படியே நின்றது.

"அண்ணி, நடு ஏணியில ஒரு படி ஆடுது. பாத்து எறங்குங்க."

ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு வாக்கி டாக்கியை எடுத்தாள். விதிப்படி திருப்பிச் சொன்னாள்.

"பாத்து எறங்குறேன்."