பேச்சிப்பாறை ரோட்டு எலும்புக்கூடு

பேச்சிப்பாறை அணைக்குப் போகும் ரோட்டில் ஒரு தனியார் அறக்கட்டளை அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றை நடத்துகிறது. ஜனங்கள் அங்கே இரண்டு காரணங்களுக்காக வருவார்கள். ஒன்று, கழிப்பறை சுத்தமாக இருக்கும். இரண்டாவது காரணத்தை ஃபாஸிலா மூன்று நாள் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

கோட்டாற்றிலிருந்து அவள் தினமும் பஸ் ஏறி வந்ததற்கும் அறிவியலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பிளஸ் டூ முடித்திருந்தாள். கொச்சியில் ஒரு கல்லூரியில் அனிமேஷன் படிக்க வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு இருந்த வெறி. தோஹாவில் இருக்கும் அண்ணன் உவைஸ் போனில் ஞானம் வழங்கினான். "மார்க்கு எல்லாரிட்டயும் உண்டும் பிள்ளே. வாலண்டியர் சர்டிபிகேட் உள்ளவளத்தான் எடுப்பானுவ." கல்லூரியே ஒரு படிவம் அனுப்பியிருந்தது. அறுபது மணி நேரத் தொண்டு. கீழே நான்கு கட்டங்கள்: தொடர்பாடல் திறன், குழுவாக உழைத்தல், தலைமைப் பண்பு, நேர மேலாண்மை. பொறுப்பாளர் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் இல்லாமல் நேர்காணலுக்கு உள்ளேயே விடமாட்டார்களாம்.

பொறுப்பாளர் முருகதாஸ் சார் நல்ல மனிதர், வேலை மட்டும் கொஞ்சம் அலர்ஜி. இருபத்திரண்டு காட்சிப்பொருள்களில் பதினேழின் கழுத்தில் "பழுது நீக்கப்படுகிறது" என்ற அட்டை தொங்கியது. ஆளைக் குண்டாகவும் ஒல்லியாகவும் காட்டும் இரண்டு கண்ணாடிகள் உருப்படியாக இருந்தன, அவற்றைப் பழுதாக விட அவராலும் முடியவில்லை. ஃபாஸிலாவுக்குக் கிடைத்தது கழிப்பறைக்குப் போகிற வழியில் நின்ற எலும்புக்கூடு.

"மனித உடலில் இருநூற்றாறு எலும்புகள்..." என்று தொடங்குவாள்.

"இது ஒரிஜினலா?" என்பார்கள்.

"இல்ல, பிளாஸ்டிக்."

"ஓ" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்விடுவார்கள். மூன்று நாளாக இதே கதைதான். நான்காம் நாள் தக்கலைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்து அதே கேள்வியைக் கேட்டபோது, அவளுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

"ஒரிஜினல்தான்."

அவசரமாக வந்த மனிதர், கால் மாற்றி மாற்றி நின்றபடி முழுவதையும் கேட்டார்.

அதன்பிறகு கதை தானாகவே வளர்ந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முன் குளச்சல் பக்கம் கரை ஒதுங்கியவர். உடலைக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. மறுநாள், வள்ளம் கவிழ்ந்து இரண்டு ராத்திரி நீந்தியவர். அதற்கும் மறுநாள், கரையில் தெரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே நீந்தியவர், அரணாக்கயிற்றில் ஒரு சாவி கட்டியிருந்தவர். எந்தப் பூட்டுக்கான சாவி என்று யாருக்கும் தெரியாது. இந்த இடத்தில் ஃபாஸிலா கொஞ்சம் நிறுத்துவாள். பெண்கள் மூக்கை உறிஞ்சுவார்கள்.

கூட்டம் இரட்டிப்பானது. யாரோ எலும்புக்கூட்டின் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். யாரோ காலடியில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். "இங்கே மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது" என்று முருகதாஸ் ஒரு பலகை எழுதி வைத்தார். ஆறு வருஷத்தில் அந்த அருங்காட்சியகம் கண்ட ஒரே புதிய பொருள் அதுதான்.

அவருக்கு உண்மை தெரியாமலா? எலும்புக்கூடு வந்த அட்டைப்பெட்டியின் மேல்தான் அவர் தினமும் சோற்றுப் பாத்திரத்தை வைப்பார். "மக்கா, இதுக்குப் பேருதான் கம்யூனிகேஷன்" என்று முதல் கட்டத்தில் அப்போதே டிக் அடித்துவிட்டார்.

பதினைந்தாம் நாள், சனிக்கிழமை. ஐம்பத்தெட்டு மணி நேரம் முடிந்திருந்தது. திங்கட்கிழமை நேர்காணல். அப்போதுதான் ரீத்தா வந்தாள். தூத்தூர்ப் பக்கம் மீன் விற்கிறவள், ஐம்பது வயதிருக்கும். கழிப்பறை எங்கே என்று கேட்காமல் நேராக வந்து நின்றாள்.

"கடல்ல ஒதுங்கின ஆளு இதுதானா மக்கா? எங்க அயலத்துப் பையன் ஸ்கூல்லேருந்து வந்து பாத்திருக்கான்."

ஃபாஸிலா தலையாட்டினாள்.

"எங்க ஆளு ஓக்கிப் புயல்ல கடல்ல போனது. செல்வன்னு பேரு. எட்டு வருஷமாச்சு, உடலு கிட்டல்ல. நெய்யூர் ஆஸ்பத்திரியில வலது கால்ல, முட்டுக்குக் கீழ கம்பி வச்சிருந்தது."

எலும்புக்கூட்டைச் சுற்றிக் கட்டியிருந்த சங்கிலியைத் தாண்டிப் போய் முட்டி போட்டு உட்கார்ந்தாள். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை அந்த எலும்பை மெதுவாகத் தடவினாள். பிறகு இன்னொரு முறை தடவினாள்.

"எங்க ஆளு இல்ல" என்றாள் ரீத்தா.

ஃபாஸிலாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பின்னால் நின்ற முருகதாஸ் படிவத்தை லேசாக ஆட்டிக் காட்டினார். அவள் இனி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இந்த அம்மா எழுந்து போய்விடுவாள், இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றால் கொச்சி.

ஆனால் ரீத்தா எழுந்திருக்கவில்லை.

"எங்க ஆளு இல்லன்னா வேற எவளுக்கோ உள்ள ஆளு. எங்க தெருவுல என்னப் போல இன்னும் ஆறு பேரு உண்டும். நேத்தே சொல்லியாச்சு, எல்லாவளும் பொறப்பட ஒருங்கித்தான் இருக்கா. நாளைக்குக் கூட்டிட்டு வாறேன். யாருக்கும் இல்லன்னாலும் சர்ச்சு சாமியாரிட்ட சொல்லி எங்க கல்லறையில அடக்கிக்கிடுவோம். இப்பிடி கக்கூஸ் பக்கத்துல நிறுத்தி வச்சிருக்கது பாவமில்லியா?"

ஆறு பெண்கள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக முட்டி போட்டு அந்தப் பிளாஸ்டிக்கைத் தடவுவதை ஃபாஸிலா மனசுக்குள் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது பிளாஸ்டிக்."

"பிள்ளைக்கு வெயில் பிடிச்சிருக்கு, நீங்க நாளைக்கு வாருங்க" என்றார் முருகதாஸ்.

"வந்த பெட்டி ஆபீஸ்ல கெடக்கு ஆன்ட்டி. சார் அது மேலதான் சோறு வைப்பாரு."

முருகதாஸ் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ரீத்தா விரலை மடக்கி மார்பெலும்பில் தட்டினாள். குளியலறை வாளியைத் தட்டிய சத்தம் கேட்டது.

"அந்தச் சாவி?"

"நான் உண்டாக்கினது. எல்லாமே நான் உண்டாக்கினதுதான்."

ரீத்தா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். உன் செவிட்டுல ரெண்டு விட்டாத்தான் எனக்கு ஆறும்." அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று ஃபாஸிலாவுக்கு இருந்தது. "தேடிட்டுத்தான் இருக்கோம்னு எட்டு வருஷமா எத்தனையோ பேரு சொன்னானுவ. நாங்க தேடல்லன்னு ஒருத்தனும் திரும்பி வந்து சொல்லல்ல. நீ ஒருத்திதான் பொய்யும் சொல்லி, பொய்யின்னும் சொல்லியிருக்கே. அதுக்காக நான் போய் அவளுவகிட்ட இல்லன்னு சொல்ல மாட்டேன். நாளைக்கு நீ வந்து சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த நேரத்தில், ஃபாஸிலா தூத்தூர் போனாள். ரீத்தாவின் வீட்டு முன்னறையில் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் எக்ஸ்ரே படம் வைத்திருந்தாள், உறையின் ஓரங்கள் நைந்து போயிருந்தன. ஒருத்தியிடம் கல்யாணப் போட்டோ இருந்தது. அதில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான், முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அந்தப் பல்லைத் தேடத்தான் அவள் கிளம்பியிருந்தாள்.

ஃபாஸிலா நின்றுகொண்டே சொன்னாள். பிளாஸ்டிக், விலைக்கு வாங்கினது, கதை நான் கட்டினது, ஆள் யாரும் நின்று கேட்காததால் கட்டினது. படிவத்தையும் கொச்சியையும் பற்றி மூச்சு விடவில்லை. ஒருத்தியும் திட்டவில்லை. எக்ஸ்ரே வைத்திருந்தவள் அதை உறைக்குள் நேராகத் தள்ளி வைத்தாள். ஃபாஸிலாவுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

அவர்களில் இளையவள் ஜெஸ்பின், போட்டோவை வைத்திருந்தவள், கேட்டாள். "நீ சொன்ன கதையில அந்த ஆளு கரைக்கு வந்தான்னுதானே சொன்னே?"

"ஆமா."

"அதை ஒருக்கா சொல்லேன்."

ஃபாஸிலா ரீத்தாவைப் பார்த்தாள். ரீத்தா தரையைப் பார்த்தபடி, "சொல்லு பிள்ளே" என்றாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். வள்ளம் கவிழ்ந்ததிலிருந்து தொடங்கினாள். இரண்டு ராத்திரி, கரையில் தெரிந்த விளக்கு, அரணாக்கயிற்றில் சாவி. அந்தச் சாவிக்கு அன்றைக்கு ஒரு வீட்டையும் கொடுத்தாள். ஒரிஜினலா என்று ஒருத்தியும் கேட்கவில்லை.