பாதி இதில், பாதி அதில்

"மோளே, நீ தலைமாட்டுக்கு வா. ரோசம்மா, இந்தப் பக்கம்," என்றார் தங்கச்சன், காமிராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே.

அப்பச்சன் என்று தான் கூப்பிடும் அப்பாவின் சவப்பெட்டியருகே லிஜி நகர்ந்து நின்றாள். கேரளத்தின் பாலா ஊரில் ஸ்டுடியோ வைத்து இருபத்தெட்டு வருடம் கல்யாணமும் சாவும் படம் பிடித்த வர்க்கிக்குக் கடைசிப் படம் எடுக்க வந்திருப்பவர் எதிர் ஸ்டுடியோக்காரரான தங்கச்சன்.

"வாசல்ல வைக்க வேற படம் கிடைக்கலையா? ஆதார் அட்டைப் படத்தைப் பெருசாக்கியிருக்கீங்க. போலீஸ் தேடுற ஆள் மாதிரி இருக்கான்," என்றார் அவர்.

"போன கிறிஸ்துமஸுக்கு இவ எடுத்தது இருக்கே," என்றாள் அம்மா ரோசம்மா. "தேடித் தர மாட்டேங்குறா. எல்லாம் ரெண்டு டிஸ்க்லயும் இருக்கு, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரே மனுஷன்."



இரண்டு ஹார்டு டிஸ்க்கையும் இணைத்த அன்று கடைக் கணினி லிஜியிடம் கேட்டது. ஒன்றில் உள்ளதே மற்றதிலும் இருக்கட்டுமா, ஒவ்வொரு படத்தையும் பாதி இதிலும் பாதி அதிலுமாகப் பிரிக்கட்டுமா? பிரித்தால் வேகம். கல்யாண சீசன் வேறு. அவள் வேகத்தை அழுத்தினாள். "ரெண்டு இருக்குல்ல மோளே, பயமில்லையே?" என்று அப்பச்சன் கேட்டதற்கு, "இல்லை" என்றாள். அவர் பழையதையெல்லாம் அதில் ஏற்றிவிட்டு, டேப்புகளையும் சிடிகளையும் காயலான் கடைக்குப் போட்டார். ஓணத்துக்கு முன் ஒரு டிஸ்க் பழுதாகி நின்றது. மற்றதில் இருந்த பாதிகளில் ஒரு முகம்கூடத் திறக்கவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பாதிரியார் வந்துவிட்டாரென்று அம்மா வெளியே போனாள்.

"அங்கிள், அந்தப் படம் இல்ல. எந்தப் படமும் இல்ல. நான்தான்..."

தங்கச்சன் லென்ஸைத் துடைத்தார். "தெரியும். நீ கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போன நாளாப் பாத்து உங்கப்பன் ரெண்டு டிஸ்க்கையும் துண்டுல சுத்திக்கிட்டு வந்தான். அதுக்கு முன்ன என் கடைப்படி மிதிச்சதில்ல. எர்ணாகுளம் வரைக்கும் போனோம். ஒண்ணும் தேறாதுன்னுட்டாங்க."

"அப்புறமும் எல்லார்கிட்டயும் ரெண்டுலயும் இருக்குன்னு..."

"அன்னைக்குச் சாயங்காலமே டீக்கடையில சொன்னான். 'எம் பொண்ணு எல்லாத்தையும் ரெண்டா வச்சிருக்கா'ன்னான். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

அம்மா திரும்பி வந்து தன் இடத்தில் நின்றாள்.

"இங்க பாரு மோளே."

லிஜியால் அந்தக் கண்ணாடி வட்டத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பச்சனுக்கு வழக்கப்படி போட்டிருந்த வெள்ளைக் கையுறையில், ஷட்டரை அழுத்தும் சுட்டுவிரலின் நுனி மட்டும் தொளதொளவென்று மடிந்திருந்தது. அவள் குனிந்து அதை இழுத்து நேராக்கினாள். மறுபடியும் இழுத்தாள். தங்கச்சன் காத்திருந்தார்.