ஸ்டெப்னிப் பள்ளம்

முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து பதினாலு மாதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியைத் தவிர எக்கார்ட் எங்கேயும் போகவில்லை. மனைவி ரோஸ்வித்தாவின் பெரிய வண்டியில் சக்கர நாற்காலி தாராளமாக ஏறும். ஆனால் அதில் உட்கார்ந்தால் சாமான் மாதிரி இருக்கிறதாம். போனால் தன் காரில்தான் போவேன் என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டான். எழுபத்திரண்டாம் வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார். பின்னால் எஞ்சின், முன்னால் டிக்கி.

அவள் நாற்காலியை மடித்து அந்த டிக்கிக்குள் வைத்துப் பார்த்தாள். மூடி நாலு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது.

எஸ்லிங்கனில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் யோஹென் ஒரு வழி சொன்னான். பாட்டரி ஆசிட் ஒழுகி டிக்கியின் இரண்டு மூலையும் துருவேறிக் கிடந்தன. எப்படியும் அவற்றை வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டும். கூடவே ஸ்டெப்னி உட்காரும் வட்டப் பள்ளத்தையும் எடுத்துவிட்டு ஆழமான சதுரப் பெட்டியாகக் கட்டிவிட்டால் நாற்காலி சுகமாக இறங்கும். ஒரே ஒரு சங்கடம். பழமை மாறாத கார்களுக்குத் தருகிற எண் பலகை அப்புறம் கிடைக்காது.

முப்பது வருஷத்தில் எக்கார்ட் அந்தக் காரில் ஒரு திருகாணியைக்கூட மாற்றியதில்லை. ரேடியோ வைக்கலாமே என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, எஞ்சின் சத்தம் போதாதா என்று கேட்டவன். இப்போது அவள் விஷயத்தைச் சொன்ன நாலாம் நாள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "உன் இஷ்டம்" என்றான்.

அன்றிலிருந்து அவளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அவன் வெளியே வர வேண்டும் என்பதற்காகத்தான் வெட்டச் சொல்கிறாளா? இல்லை, ஒரு தடவையாவது காரை விட்டுவிட்டு அவன் தன் பக்கம் வருவதைப் பார்க்க வேண்டுமென்ற ஆசையா? இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை பட்டறைக்குப் போனாள். டிக்கியின் மூலைகளில் புதுத் தகடு பளபளத்தது. நடுவில் ஸ்டெப்னிப் பள்ளம் வெட்டுப்படாமல் வட்டமாகவே இருந்தது. அளவு பார்க்க அவள் விட்டுப்போன நாற்காலி அதன்மேல் மடங்கிக் கிடந்தது.

"மூடிப் பாருங்க மேடம்" என்றான் யோஹென், சிரித்துக்கொண்டே.

மூடினாள். மூடிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை சார் போன் பண்ணினாராம். பள்ளத்தைத் தொடாதே, நாற்காலியை வெட்டு என்றாராம். நாற்காலியை வெளியே எடுத்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. முதுகுப் பக்கம் பிடித்துத் தள்ளுகிற இரண்டு கைப்பிடிகளும் இல்லை. அறுத்த இடத்தில் கறுப்பு ரப்பர் மூடிகள்.

"உங்ககிட்ட சொல்லிட்டதா சொன்னாரே மேடம்" என்று யோஹென் இழுத்தான்.

"சொன்னார்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து அவனிடம் கேட்டாள். குரல் உயரவில்லை.

"அது என் கை பிடிக்கிற இடம், எக்கார்ட்."

"நானே உருட்டிக்குவேன்."

"மேடு வந்தா?"

"ஒரு வருஷத்துக்கு மேலா நீ என் பின்னாலயேதான் இருக்க, ரோஸ்வித்தா. உன் மூச்சுச் சத்தம்தான் கேக்குது. ஒரு ஆளு பின்னாலயே நின்னா எப்படி இருக்கும் தெரியுமா?"

குறை சொல்கிறானா, ஏங்குகிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவனுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை காரை அவள் ஓட்டினாள். இரண்டாம் கியரில் மூன்று தடவை அவன் திருத்தினான். திராட்சைத் தோட்டங்களுக்குக் கீழே நிறுத்தி, நாற்காலியை இறக்கி விரித்தாள். அவன் உள்ளங்கைகளால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி மேலேறினான். அவள் பக்கத்தில் நடந்தாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் திணித்தாள். பல நாளைக்கப்புறம் வெயிலில் அவன் முகத்தைப் பார்த்தாள். வேர்த்திருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பொறாமையாக இருந்தது அவளுக்கு.

முதல் வளைவில் அவன் கை நின்றது. நாற்காலி மெல்லப் பின்னால் நழுவியது. பிடிக்க ஒன்றுமில்லை. ஓடிப்போய் இடுப்பை முட்டுக் கொடுத்து நின்றாள்.

"ரோஸ்வித்தா?"

"இருக்கேன்" என்றாள். இதற்குமேல் ஏற்றவும் அவளால் முடியாது, விலகவும் முடியாது.