கோட்டிங் ரூமில் தண்ணீர்

கோட்டிங் ரூமுக்குள் பொம்பளைகள் போகக் கூடாது என்பதற்கு எங்கள் கம்பெனியில் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். மாத்திரைக்கு மேல்பூச்சு பூசுகிற மருந்தை அங்கே சால்வென்ட் என்கிற நெடியடிக்கிற ரசாயனத்தில் கரைப்பார்கள். கதவைத் திறந்தாலே தலை கிறுகிறுக்கும். கர்ப்பப்பைக்கு ஆகாது என்றார் மேனேஜர் வேதசிரோமணி சார். சரி, எங்களுக்குக் கர்ப்பப்பை. உள்ளே நிற்கிற ஆம்பளைகளுக்கு நுரையீரல் கிடையாதா? ஆபரேட்டர் யேசுதாசன் அண்ணனுக்கு வருஷம் முழுக்க மெட்ராஸ் ஐ வந்த மாதிரிக் கண் சிவந்தே இருக்கும். அதைக் கேட்க நாதியில்லை.

இது தொண்ணூற்று மூன்றில். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகிற ரோட்டில் சின்ன மாத்திரைக் கம்பெனி. பேக்கிங்கில் நாங்கள் நாலு பொம்பளைகள், கையால் மாத்திரை எண்ணி டப்பாவில் போடுவோம். தீபாவளி கழிந்ததும் பேக்கிங் மெஷின் வருகிறது, அதோடு நாலு பேருக்கும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கோட்டிங்கில் மட்டும் ஆள் தேவைப்பட்டது. மாத்திரையைப் போட்டு உருட்டுகிற எவர்சில்வர் சட்டி இரண்டாவதாக ஒன்று வாங்கி, ஆளில்லாமல் கிடந்தது.

அந்த வாரம்தான் கம்பெனி சால்வென்டைத் தலைமுழுகியது. அதற்குப் பதிலாகத் தண்ணீரிலேயே கரைகிற பவுடர் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. பஞ்சிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் எடுக்கிற செல்லுலோஸ் வகை. பார்க்க மைதா மாதிரி வெள்ளை. மூட்டையைப் பார்த்ததும் நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

"சார், இனிமே தண்ணிதானே? எங்க நாலு பேரையும் கோட்டிங்ல போடுங்க."

சிரித்தார். "காந்திமதி, ஒரு டிரம் கலக்கிக் காட்டு, பார்க்கலாம். சரியா வரலைன்னா தீபாவளி வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

கலக்குவதென்ன பெரிய வித்தையா என்றுதான் நினைத்தேன். கோட்டிங் ரூமுக்குள்ளேயே போய் டிரம் தண்ணீரில் பவுடரைக் கொட்டினேன். கொட்டியதுதான் தாமதம், கொழுக்கட்டை கொழுக்கட்டையாக மிதந்தது. வெளியே வழவழப்பு, உடைத்தால் உள்ளே காய்ந்த மாவு. கூழ் கட்டி தட்டினால் எங்கள் வீட்டில் என்ன செய்வோம்? தீயைக் கூட்டிவிட்டுக் கிண்டுவோம். ஹீட்டரைப் போட்டுக் கிண்டினேன். கட்டி உடைந்தது. ஆனால் கரைவதற்குப் பதில் பால் திரிந்த மாதிரி வெளுத்துத் திரண்டுவிட்டது. கிண்டக் கிண்ட மோசமானது.

யேசுதாசன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னாமே, பசை காய்ச்சிகினு கீற? போஸ்டர் ஒட்டப் போறியா?"

மேனேஜரும் வந்து பார்த்தார். "போதும்மா. சாக்கடையில ஊத்திட்டு பேக்கிங் போ."

"ஊத்த மாட்டேன்."

"கெட்டுப்போச்சேம்மா."

"கெட்டா கெட்டுட்டுப் போவுது. நான் ஊத்த மாட்டேன்."

அந்தப் பவுடரின் குணம் எனக்குத் தெரிந்திருந்தது என்று அளக்க மாட்டேன். ஒன்றும் தெரியாது. டிரம்மை விட்டு நகர்ந்தால் எங்கள் நாலு பேர் பிழைப்பும் அதோடு சாக்கடைக்குப் போகும், அது ஒன்றுதான் தெரியும். ஹீட்டரை அணைத்துவிட்டு டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். சாப்பாட்டு பெல் அடித்தது, எழவில்லை. ஆத்திரம் தாங்காமல் அவ்வப்போது கம்பை விட்டு ஒரு கிண்டு கிண்டுவேன்.

டிரம் ஆற ஆற வெளுப்பு குறைந்தது. முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். இன்னும் கிண்டினேன். தொட்டால் சில்லென்று ஆனபோது கம்பின் அடிமுனை தெளிவாகத் தெரிந்தது. ஒரு கட்டி கூட இல்லை. ஊரில் உள்ளதெல்லாம் சூட்டில் கரையும். இந்த வீம்பு பிடித்தது சூட்டில் திரண்டுகொண்டு, ஆறினால் கரைகிறது. எனக்கு அதை ரொம்பப் பிடித்துப்போனது.

"அண்ணா, சட்டியை ஓட்டுங்க," என்று கத்தினேன்.

யேசுதாசன் அண்ணன் டிரம்முக்குள் ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டார். மாத்திரைகள் சட்டியில் உருள, சூடான காற்று அடிக்க, ஸ்ப்ரே கன்னை நான் பிடித்தேன். "மெதுவா அடிமே. நனைஞ்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்," என்று மட்டும் சொன்னார். நான் மெதுவாகவே அடித்தேன். சாயங்காலத்துக்குள் மாத்திரைகள் பளபளவென்று வந்துவிட்டன. கெமிஸ்ட் சிலதை எடுத்துப்போய்த் தண்ணீரில் போட்டுப் பார்த்து, நேரத்துக்குள் கரைகிறது, சரியாக இருக்கிறது என்றார்.

வேதசிரோமணி சார் ஒரு மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. யேசுதாசா, நாளையிலேர்ந்து இதே மாதிரி நீயே கலக்கு. காந்திமதி, நீ பேக்கிங் போம்மா."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஸ்ப்ரே கன்னைக் கீழே வைக்கவில்லை.

"எதுக்கு சார்?"

"கோட்டிங் எப்பவும் ஆம்பளைங்க வேலைம்மா."

"சால்வென்ட் இருந்தப்ப கர்ப்பப்பைக்கு ஆவாதுன்னீங்க. கேட்டுகினோம். இப்ப வெறும் தண்ணி. தெருக்கொழாயில சண்டை போட்டுப் புடிச்சி, கொடம் கொடமாத் தூக்கிகினு வர்றவளுக்குத் தண்ணி ஆவாதா சார்? வேற காரணம் இருந்தா சொல்லுங்க. நான் போறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். யேசுதாசன் அண்ணனைப் பார்த்தார்.

"ரெண்டாவது சட்டிக்கு ஆள் வோணும்தான் சார்," என்றார் அண்ணன், சட்டியைப் பார்த்தபடி.

"சரி. உன்னை மட்டும் கோட்டிங்ல வெச்சிக்கறேன்."

பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் இனித்தது. என் வீட்டில் அடுப்பு எரியும். பேக்கிங்கின் மற்ற மூணு பேரும் கோட்டிங் ரூம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷம், ஒருத்தியும் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"நாலு பேரும் சார். இல்லைன்னா நானும் வேணாம்."

"அவங்களுக்கு இந்த வேலை தெரியாதேம்மா!"

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் கிளியம்மாள் உள்ளே வந்துவிட்டாள். எங்கள் நாலு பேரில் வாயே திறக்காதவள், ஆறு மாசக் கர்ப்பிணி. வயிற்றைத் தாங்கிக்கொண்டு நேராகச் சட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"காலைல இவளுக்கும்தான் தெரியாது சார்," என்றாள்.

என்னிடம் கையை நீட்டினாள். ஸ்ப்ரே கன்னைக் கொடுத்தேன்.