வாஹித் பாஷாவின் மூன்று விரல்கள்

வாணியம்பாடித் தோல் வியாபாரி வாஹித் பாஷாவின் விரல்களைத் துண்டுக்கடியில் பிடித்து ஒத்துக்கொண்டது எதுவானாலும் அப்படியே நடந்துவிடும். விலையை வாய்விட்டுச் சொன்னால் பக்கத்தில் நிற்பவன் காதில் விழும் என்பதால், துண்டுக்குள் கைவிட்டு விரல்களைப் பிடித்துத்தான் பேரம் பேசுவார்கள். பிடித்த விரல்தான் எண். 1906-இல் திமிரி விவசாயி வேதாசலம், தோல் பதனிட ஆவாரம்பட்டை விற்க வந்தவர், விளையாட்டாக நான்கு விரல்களைப் பிடித்து நான்கு நாள் மழை கேட்டார். வாஹித் இரண்டாகக் குறைத்தார். இரண்டு நாளும் வேதாசலத்தின் நிலத்தில் மட்டும் மழை பெய்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் புழுதி பறந்தது. "மழை இன்னா உங்க வூட்டுக் காசா பாய்? அதுல ஏன் கொறச்சீங்க?" என்று அவர் கேட்டதற்கு, "கை பழகிப்போச்சிங்க" என்றார் வாஹித்.

அதன்பின் வேதாசலம் வேறு யாருக்கும் பட்டை கொடுக்கவில்லை. பள்ளிகொண்டாவில் தோல் சேர்ப்பவர்கள், சென்னைத் தரகர்கள் என்று யார் வீட்டுக் கல்யாணமானாலும் வாஹித் போய் நின்றார். ஒருவர் பெயரையும் மறக்கவில்லை. தோல் ஊறவைக்கும் நான்கு குழிகளோடு தொடங்கிய தொழில் நாற்பது குழிகளானது. ஆட்களைத் தெரிந்து வைத்திருந்தது பாதிக் காரணம், கேட்டதைக் கேட்டபடி கொடுக்காத அந்தக் கை மீதி. ஊரே மெச்சிய கையை அவர் மனைவி குர்ஷித்தான் அதிகம் பார்க்கவில்லை. அவர் வீட்டில் தங்கிய நாட்கள் கம்மி.

1918 விஷக் காய்ச்சலில் குர்ஷித் படுத்தாள். பிழைக்கமாட்டாள் என்று ஹக்கீம் சொல்லிவிட்டுப் போனபின், "கை குடுங்க" என்று கணவர் கையைப் போர்வைக்குள் இழுத்து, ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள். "வருஷம்" என்றாள், தெளிவாக. வாஹித் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் கை அழவில்லை. அது மூன்று விரல்களை மடக்கிக்கொண்டு இரண்டை நீட்டியது.

"ஜாஸ்தியா கேட்டுட்டேனா?" என்றாள் அவள். அவர் வாய் திறப்பதற்குள் அந்த இரண்டையும் அழுத்திப் பிடித்து, "சரி, படிஞ்சிடுச்சி" என்றாள். அவளும் தோல் வியாபாரி மகள்; படிந்த பேரத்தை மாற்றிப் பழக்கமில்லை.

மறுநாள் காய்ச்சல் விட்டது. அந்த இரண்டு வருடமும் வாஹித் ஊரைத் தாண்டவில்லை. தினமும் போர்வைக்குள் ஐந்து விரல்களையும் நீட்டி, "எல்லாத்தையும் எடுத்துக்கோ குர்ஷித்" என்று கெஞ்சினார். அவள் பிடித்துக்கொள்வாள். பேரம்தான் முடிந்துபோயிருந்தது. கெடு வந்த அன்று, சமைத்து இறக்கி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்தபடியே இறந்தாள். பாவி மனுஷன், தன் கையாலேயே மூன்று வருடத்தைக் குறைத்தார். இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

நாற்பதாம் நாள் கழிந்து அவர் மறுபடி துண்டுக்குள் கைவிட்டபோது, அவருடைய இரண்டு விரல்களை ஏற்கெனவே ஒரு கை பிடித்திருந்தது. எதிரே இருந்த தரகர், வளையல் தட்டுப்பட்டதும் மன்னிப்புக் கேட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மீதி மூன்று விரல்களை வைத்துக்கொண்டு வாஹித்தால் பெரிய விலை எதுவும் பேச முடியவில்லை. அந்த மூன்றையும் அவர் பிறகு மடக்கவே இல்லை. கேட்டதைக் கேட்டபடி கொடுத்தார். நாற்பது குழிகள் ஒன்பதாயின. பழகியவர்கள் மட்டும் விலகவில்லை. வேதாசலத்தின் பட்டை தவறாமல் வந்தது.

1934 வரைக்கும், புதிதாக யாராவது பேரத்துக்கு உட்கார்ந்தால் வேதாசலமே சொல்லிவைப்பார்: "மூணு விரல் மட்டும் புடிங்க. அந்த ரெண்டும் அவங்க வூட்டம்மாவுது."

வந்தவர் தலையாட்டிவிட்டு, மூன்று விரல்களுக்குள் விலை சொல்வார்.